பின் சீட்டுக்காரரின் முதுகும் பழைய பைக்கின் ஷாக் அப்சர்பரும்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஏதாவது ஒரு தெருவில், ஸ்பீட் பிரேக்கர் பக்கமாக ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வண்டி என்ன மாடல் என்று பார்க்க வேண்டாம், ஓட்டுகிறவர் முகத்தையும் பார்க்க வேண்டாம். பின் சக்கரத்தையும் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பவரையும் மட்டும் பாருங்கள். நல்ல வண்டி ஏறும், இறங்கும், ஒரு தடவை அமுங்கி எழுந்து அப்படியே அடங்கிவிடும். வயசான வண்டி அடங்காது. இரண்டு தடவை, மூன்று தடவை ரப்பர் பந்து மாதிரி குதித்துக்கொண்டே போகும். அதற்குள் முன்னால் இருப்பவர் கியர் மாற்றிவிட்டு அடுத்த சிக்னலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருப்பார். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மா, ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் மடியில் இருக்கும் பையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் குதித்து முடித்திருக்க மாட்டார்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொள்வார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். வயசானது வண்டிக்கு என்று யாரும் சொல்வதில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கும் வீடுகளில் பழைய பைக் என்பது சொத்து மாதிரி கைமாறி வரும். அப்பா ஆபீஸ் போக வாங்கிய ஸ்ப்ளெண்டர் பையன் காலேஜில் சேர்ந்ததும் பையனுக்கு வரும். மாமா ஓட்டாமல் மூடி வைத்திருந்த ஆர்எக்ஸ் 100 பல நாள் கெஞ்சலுக்குப் பிறகு வரும். வந்ததும் பையன் முதலில் எதற்குச் செலவு செய்கிறான்? சைலன்சர். அப்புறம் பெயிண்ட். அப்புறம் ஸ்டிக்கர், எல்இடி லைட், சீட் கவர். கையில் மிச்சம் இருந்தால் கார்புரேட்டர் சர்வீஸ். பின் ஷாக் அப்சர்பர் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. அந்தப் பட்டியலில் அதுதான் முதலில் இருக்க வேண்டும், பெயிண்ட் கடைசியில் என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

ஏன் இருக்காது என்றால், ஷாக் அப்சர்பர் சொல்லிவிட்டுச் சாகாது. கிளட்ச் ஒயர் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பிளக் போனால் ஸ்டார்ட் ஆகாது. ஷாக்கின் எண்ணெய் சீல் தேய்ந்தால் ஒன்றுமே ஆகாது. சொட்டுச் சொட்டாகக் கசியும், கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டும், ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாவதால், தினமும் ஓட்டுகிறவர் உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். "என் வண்டி சூப்பரா இருக்கு" என்று அவர் சொல்வதில் பொய் கிடையாது. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கணக்கு. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருகிறார். பின் சீட்டுக்காரர் ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே உட்காருகிறார். முன் சக்கரம் தரையில் இருக்க, வண்டியின் பின்பக்கம் 4 செமீ தூக்கிப் போட்டால், பின்னால் இருப்பவர் கிட்டத்தட்ட அந்த 4 செமீயும் எழும்புவார். முன்னால் இருப்பவருக்கு சுமார் இரண்டரை செமீதான். சீசா பலகையில் நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. போதாததற்கு, ஓட்டுகிறவருக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரியும். ஹேண்டில்பாரைப் பிடித்து, காலை ஊன்றி லேசாக எழும்பிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் சட்டைக் காலர் மட்டுமே. சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்தவர் நிலைமை இன்னும் மோசம், ஏற்கனவே திருகிக்கொண்டிருக்கும் முதுகில்தான் அடி விழுகிறது.

ஆக பின் சஸ்பென்ஷனின் நல்லது கெட்டதை அனுபவிக்கிறவர் ஒருத்தர், அதற்குக் காசு கொடுக்கிறவர் வேறொருத்தர். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பேச்சு வருவதே இல்லை!

பழைய கதை கொஞ்சம் பார்த்தால் இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை என்று தெரியும். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. சைக்கிள் மாதிரி சட்டத்தோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அப்போதும் ஓட்டுகிறவருக்கு ஸ்பிரிங் வைத்த சீட் உண்டு. பின்னால் உட்காருகிறவருக்கு மட்கார்டு மேலே ஒரு திண்டு, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் ஸ்விங் ஆர்ம் என்ற சமாச்சாரம் பரவலாக வந்தது. அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் ஒரு அச்சில் மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டத்தை இரண்டு பக்கமும் ஷாக் அப்சர்பர் தாங்கிக்கொள்ளும். 1949ல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்ட் புல்லட் இந்த அமைப்போடு வந்த முன்னோடி வண்டிகளில் ஒன்று. இந்திய ராணுவம் அதே புல்லட்டில் 800 வண்டிகள் கேட்டது. அதை ஒட்டி 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அதே கம்பெனி பின்னால் 2013ல் ஒரகடத்துக்கும் வந்தது, பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எழுபது வருஷமாக ஸ்விங் ஆர்ம் வைத்த வண்டி செய்கிற ஊர் இது. இந்த ஊரில்தான் "ஷாக் போச்சுன்னா போகட்டும், வண்டி ஓடுதுல்ல?" என்று கேட்கிறார்கள். ஹூம்.

சரி, மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் என்ன நடக்கிறது? "பின்னாடி ரொம்ப இறங்குது, டபுள்ஸ் போனா இடிக்குது" என்றதும் அவர் ஒரு கொக்கி ஸ்பானரை எடுத்து, ஷாக்கின் அடியில் இருக்கும் படிப்படியான வளையத்தை ஒரு படி, முடிந்தால் இரண்டு படி ஏற்றிவிடுவார். இரண்டு நிமிஷ வேலை, காசுகூட வாங்க மாட்டார். வண்டி உயர்ந்து நிற்கும். எல்லோருக்கும் திருப்தி.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஷாக் அப்சர்பர் என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அடியை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும், அதுதான் அதன் குணம். திருப்பிக் கொடுக்க விடாமல் அதை அடக்கிவைப்பது உள்ளே இருக்கும் டேம்பர். ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சின்னத் துளைகள் உள்ள பிஸ்டன். பிஸ்டன் நகர வேண்டுமென்றால் எண்ணெய் அந்தத் துளை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும், அந்த உராய்வில் குதிப்பின் சக்தி சூடாக மாறிப் போய்விடும். அமுங்கும்போது எண்ணெய் சுலபமாக வழிவிடும், எழும்பும்போது அதிகமாகத் தடுக்கும், அப்படித்தான் வால்வு அமைத்திருப்பார்கள். எண்ணெய் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் ஸ்பிரிங். வளையத்தை ஏற்றினால் அந்த ஸ்பிரிங்கை இன்னும் முறுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். அடக்க ஆளில்லாத ஸ்பிரிங்கை முறுக்கினால் அது இன்னும் வேகமாகத்தான் தூக்கிப் போடும். அந்த வளையம் இருப்பது இன்றைக்குத் தனியாகப் போகிறோமா, டபுள்ஸ் போகிறோமா என்று எடைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ள. செத்துப்போன டேம்பரை எழுப்ப அல்ல.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே தேவையில்லை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கி விடுங்கள். எழுந்து அடங்கினால் உயிர் இருக்கிறது. எழுந்து, மறுபடி இறங்கி, மறுபடி எழுந்தால் இல்லை. கம்பியில் எண்ணெய் ஈரம் இருந்தாலும் தீர்ப்பு அதேதான்.

அடுத்தது யாருமே கண்டுகொள்ளாத ஒன்று, ஸ்விங் ஆர்ம் புஷ். அந்த இரண்டு கைகளும் ஆடுகிற அச்சில், போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சாமான். அது தேய்ந்தால் பின் சக்கரம் மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஆடும். வளைவில் வண்டி பாம்பு மாதிரி நெளியும். ஓட்டுகிறவர் டயரைக் குறை சொல்வார், ரோட்டைக் குறை சொல்வார், எதிர்க்காற்றைக்கூடக் குறை சொல்வார். புதிதாக ஷாக் மாற்றியும் "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த புஷ்தான் காரணம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைப் பிடிக்காமல் ஸ்விங் ஆர்மின் நுனியையே பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் ஆட்டமும் அதோடு கலந்துவிடும்.

முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கத்து வண்டிகளுக்கு இதில் ஒரு தனிக் கதையே உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அந்தப் பக்கம் புகுந்தபோது தெருத் தெருவாக பைக்குகள் தண்ணீருக்குள் நின்றன. வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் என்ன செய்தார்கள்? இன்ஜின் ஆயில் மாற்றினார்கள், பிளக்கைத் துடைத்தார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனது. அதோடு விட்டுவிட்டார்கள். வண்டியை இஷ்டத்துக்கு ஓட வைக்கிற பாகம்தானே கண்ணுக்குத் தெரியும். சேற்றுத் தண்ணீர் ஸ்விங் ஆர்ம் அச்சுக்குள்ளும் போயிருக்கும், அங்கிருந்த கிரீஸைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கும், அப்புறம் அங்கே துரு வேலையைப் பார்க்கும் என்று எத்தனை பேர் நினைத்தார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் வந்தது. இப்படி இரண்டு வெள்ளம் பார்த்த வண்டியில் அந்த போல்ட்டைக் கழற்றப் போனால் அது சுலபத்தில் வராது. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு ஊறவைக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் சுத்தியலால் அடித்து மரையை நசுக்காமல், லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளச் சொல்வது நல்லது.

புஷ் மாற்றும்போது ஒரு நுணுக்கம். உலோக புஷ் என்றால் கிரீஸ் வேண்டும். ரப்பர் சேர்த்து வார்த்த புஷ் என்றால் கிரீஸ் கூடாது, ரப்பரைக் கெடுத்துவிடும். அந்த ரப்பர் ரகத்தில், பின்பக்கம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. அவசரத்தில் பல பட்டறைகளில் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி எல்லா டீக்கடையிலும் நடக்கிற சண்டைக்கு வருவோம். பழைய ஷாக்கைப் பிரித்துச் சரி செய்வதா, புதுசு வாங்குவதா?

பழைய வண்டிக்காரர்களின் ஆசை புரிகிறது. கூடவே வந்த சாமான் கூடவே இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். ஷாக்கின் வாயில் மரை வைத்த மூடி இருந்து, கம்பி நேராக, கீறலோ துருப்புள்ளியோ இல்லாமல் இருந்தால் தாராளமாகப் பிரிக்கலாம். புது சீல், சரியான ரக எண்ணெய், சரியான அளவு, அவ்வளவுதான் தேவை. ஸ்பிரிங்கைக் கழற்ற மட்டும் அதற்கான அமுக்கிக் கருவி வேண்டும். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கழற்றும் வீர விளையாட்டு வேண்டாம், முறுக்கின ஸ்பிரிங் முகத்தில் அடித்தால் பல் மிஞ்சாது.

ஆனால் பல ஷாக்குகளில் வாயை மடித்து ஒரேயடியாக அடைத்திருப்பார்கள். திறப்பதற்கென்று செய்ததே இல்லை. அதை அறுத்து, கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றி, மறுபடி வெல்டிங் வைத்துக் கொடுக்கும் வேலையை "ரீகண்டிஷன்" என்று சொல்லக் கூடாது. கெட்டியான எண்ணெய் அந்தச் சின்னத் துளைக்குள் வேகமாகப் போகாது. கடையில் கையால் அமுக்கிப் பார்க்கும்போது "செம டைட்டா இருக்குல்ல" என்று தோன்றும். ரோட்டில் அடுத்தடுத்து வரும் பள்ளங்களில் ஷாக் அமுங்கினபடியே நின்றுவிடும், எழும்பி வர நேரமே கிடைக்காது. வெல்டிங் சூட்டில் சீலும் வெந்திருக்கும். கேஸ் நிரப்பிய ஷாக்கைத் திறப்பது இன்னும் ஆபத்து, உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். இந்த ரகங்களுக்கெல்லாம் புது ஜோடிதான் வழி. ஒற்றையாக மாற்றக் கூடாது, ஒரு பக்கம் அடக்கி ஒரு பக்கம் அடக்காவிட்டால் ஸ்விங் ஆர்ம் திருகிக்கொள்ளும். ஒரு ஜோடிக்கு ஆகும் செலவு சாதாரண வண்டிகளுக்கு ஒரு பின் டயர் விலையிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. டயர் வழுக்கையானால் மாற்றுகிறோம், இல்லையா?

எங்கே வாங்குவது என்றால் மவுண்ட் ரோடு பக்கம் ஜி.பி. ரோடு இருக்கிறது. புதுப்பேட்டையும் இருக்கிறது. புதுப்பேட்டையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் கழற்றிப் போட்ட வண்டியிலிருந்து வந்த ஷாக்கை வாங்குவது, இன்னொருவர் பழகிப்போன வலியைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி. சைடு கவர், ஹெட்லைட் கிண்ணம், டேங்க் என்றால் புதுப்பேட்டைக்குப் போகலாம். தேய்வதற்கென்றே இருக்கும் சாமானுக்கு வேண்டாம். புது ஷாக் வாங்கினாலும் கடையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததை அப்படியே மாட்டக் கூடாது. நிற்க வைத்துப் பத்துப் பதினைந்து தடவை முழுசாக அமுக்கி இழுத்தால்தான் உள்ளே எண்ணெயில் கலந்த காற்று பிரிந்து மேலே போகும்.

ஆர்எக்ஸ் 100 பைத்தியங்களுக்கு (கோபப்பட வேண்டாம், அன்பாகச் சொன்னது) ஒரு தனி வேண்டுகோள். 1985ல் எஸ்கார்ட்ஸோடு சேர்ந்து யமஹா கொண்டுவந்து, 1996ல் நிறுத்திய வண்டி. எடை நூறு கிலோ சொச்சம். அதில் பெரிய பைக்கின் கேஸ் ஷாக்கை மாட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். பின்னால் இரண்டு சின்ன டப்பா தொங்கினால் பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் 140 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தாங்கச் செய்த ஸ்பிரிங் இந்தச் சின்ன வண்டிக்கு அமுங்கவே அமுங்காது. மட்கார்டில் திண்டு வைத்த காலத்துக்குத் திரும்பிப் போவதற்கு இவ்வளவு செலவா? நீளமும் வேறு என்றால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன் ஃபோர்க்கின் சாய்வு மாறும், செயின் ஸ்விங் ஆர்மில் உரசும். அந்த வண்டியை விரும்பிக் கேட்பவர்கள் அது பஞ்சு மாதிரி வளைந்து திரும்பும் என்பதற்காகத்தானே கேட்டார்கள்?

செயின் பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடலாம். ஸ்விங் ஆர்ம் ஆடும் புள்ளி ஒரு இடம், முன் ஸ்ப்ராக்கெட் இருக்கும் இடம் வேறு. அதனால் வண்டி அமுங்கும் அளவைப் பொறுத்து செயினின் தொய்வும் மாறும். ஷாக் மாற்றினால் செயினையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், அதுவும் இரண்டு பேர் உட்கார்ந்த நிலையில். ஹெட்லைட்டும் அப்படித்தான். பின்பக்கம் இறங்கிய வண்டி இரவில் எதிரே வருகிறவர் கண்ணில்தான் வெளிச்சம் அடிக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் எதிர் லைட் கண்ணைக் கூச வைக்கிறது என்று திட்டுகிறவர்கள், டபுள்ஸ் போகும்போது தங்கள் வண்டியின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு சுவரில் அடித்துப் பார்க்கலாம்.

"ரோட்டை ஒழுங்காப் போட்டா இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை எல்லாம் 2021ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. பேரூராட்சி என்ற சாக்கு இனி இல்லை, தாராளமாகக் கேட்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து பின் சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பின்னால் வந்த லாரியில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய செய்தி சென்னைக்குப் புதிதில்லை. பள்ளத்துக்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடக்கத் தெரியாத ஷாக்கோடு ஒருவர் தன் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால், அந்தத் தூக்கிப்போடுதலில் ஒரு பங்கு அவருடையது. மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி பின் சீட்டுக்காரருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சக்கரத்துக்குத் தடுப்பு எல்லாம் கட்டாயம் என்கிறது. செத்த ஷாக்கைப் பற்றி அந்த விதியில் ஒன்றும் இல்லை. சட்டம் கேட்காததை வீட்டில்தான் கேட்க வேண்டும்.

வேலை எல்லாம் முடிந்து வண்டி எடுக்கப் போனால், மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு தம்பி, எடுத்துட்டுப் போ" என்பார். அவர் தனியாக ஓட்டிப் பார்த்திருப்பார். பின் சீட் காலியாகவே போய் வந்திருக்கும். "அண்ணே, நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உட்கார்றேன்" என்று சொல்லி ஏறிக்கொள்ள வேண்டும். ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினால் போதும், முடிந்தால் கைப்பிடியைப் பிடிக்காமல் மடியில் ஒரு பையோடு. அதற்குப் பிறகு மெக்கானிக்குக் காசு கொடுக்கலாம்.